சீட்டுக் காசும் மூன்று நாடுகளும்

நெல்லியடியில், மயூரதன் கராஜில்,
கடையடைத்த பிறகு கூடுகிறோம்.
கழற்றி வைத்த பெற்றோல் தாங்கிகளின் மேல்
எண்ணெய் படிந்த வரைபடம்.
நாலு மூலைக்கும் நாலு நட்டு.
ஆபிரிக்காவின் தென்பாதி
எங்கள் மூன்று தலைகளின் நிழலில்.

முப்பது மாதம் கட்டிய சீட்டு.
பன்னிரண்டு நாள்.
வண்டி அங்கே வாடகைக்கு.
விழுந்து நொறுக்கினால் முற்பணம் அவர்களுக்கு.

லெசோத்தோ என்கிறான் கிளமென்ற்.
சரளைக்கல் கணவாய், கொண்டை ஊசி வளைவுகள்,
யூலையில் வழியெல்லாம் உறைந்த தண்ணீர்.
"பிறந்ததில இருந்து நான் ஏறின ஒரே மேடு
தொண்டைமானாற்றுப் பாலம்."
அதை மறுக்க இந்தத் தட்டை நிலத்தில்
ஒருவரிடமும் ஆதாரம் இல்லை.

மயூரதனுக்கு நமீபியா.
காய்ந்த ஆற்றின் வயிற்றுக்குள்ளால்
யானை போன வழியில் போகவேண்டுமாம்.
போன ஞாயிறு மணல்காட்டில்,
கல்லறைச் சிலுவைகளுக்குச் சற்றுத் தள்ளி,
ஒரே மணல்திட்டியில் ஐந்துமுறை விழுந்தவன்.
ஐந்தாம்முறை எழும்பவில்லை.
கிடந்தபடியே கேட்டான்:
"அங்கத்தை மணல் இதைவிட மெதுவோ?"

எனக்கென்று ஒரு இடம் இல்லை.
ஒரு பழக்கம் இருக்கிறது.
முன்னால் போன சக்கரம் கீறிய கோட்டில்தான்
என் சக்கரமும் போகும்.
"நீ ஓட்டுறது மோட்டார்சைக்கிள் இல்லை,
யாழ்தேவி" என்பான் கிளமென்ற்.

பதினொரு வருடம் முகமாலையில்
ஒரு மீற்றர் அகல ஒழுங்கையில்
முழங்காலில் நகர்ந்தவள் நான்.
வெள்ளைக் கட்டைக்கு இந்தப் பக்கம்
தேத்தண்ணி, பகிடி, சம்பளம்.
சிவப்புக்கு அந்தப் பக்கம்
புல் மட்டும் நிம்மதியாக வளர்ந்தது.

என் பக்கத்து ஒழுங்கைக்காரி சுபோதினி
இப்போது அங்கோலாவில்.
"இஞ்ச வாவன், றோட்டே இல்லை" என்று
படம் அனுப்பினாள்.
பெருக்கமரம் ஒன்று,
நெடுந்தீவில் நிற்பதன் தமக்கை மாதிரி.
அடியில், புல்லுக்குள் பாதி மறைந்து
சிவப்புப் பலகை.
அதே மண்டையோடு.
எழுத்து மட்டும் வேறு.

மயூரதன் ஒன்றும் சொல்லாமல்
பதினேழாம் நம்பர் ஸ்பனரைத் தூக்கி
அங்கோலாவின் மேல் வைத்தான்.

பிறகு பொட்ஸ்வானா.
மக்காடிக்காடி. ஒருகாலத்து ஏரி,
இப்போது கண் எட்டும்வரை உப்பு.
நடுவில் பாறைத்தீவு ஒன்று,
அதிலும் பெருக்கமரங்கள்.
கடல் இல்லாத தீவு.
வண்டி வாடகைக்காரருக்கு எழுதிக் கேட்டோம்.
பதிலில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்:
இருக்கிற தடத்தை விட்டு விலகவேண்டாம்.

கிளமென்றுக்கு முகம் விழுந்துவிட்டது.
"இவ்வளவு காசைக் கொட்டி
வானம் மாதிரி வெளிக்குப் போய்
கோட்டிலயோ ஓடுறது?"

காரணமும் எழுதியிருந்தது. வாசித்தேன்.
மேலே காய்ந்த ஓடு, அடியில் சேறு.
ஓடு உடைந்தால் வண்டி அச்சுவரை தாழும்.

அவ்வளவுதானா?
திரும்ப வாசித்தேன்.
சேறு.
ஆடியில் கடல்நீரேரி வற்றும்போது
நண்டுக்குப் போய் நான் செருப்பைப் பறிகொடுத்த
அதே சாம்பல் சேறு.

வெறும் சேற்றுக்காக ஒருவர்
தடத்தை விட்டு விலகாதே என்று சொல்லும் ஊருக்கு
ஏழாயிரம் கிலோமீற்றர் போகலாம் என்றேன்.
சிரிப்பை நிறுத்த முடியாமல்
கை பட்டு ஒரு நட்டு உருண்டது.
லெசோத்தோ சுருண்டுகொண்டது.

"புதைஞ்சால்?" என்றான் மயூரதன்.
"புதைஞ்சால் இழுக்கிறது."

கிளமென்ற் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.
ஏற்றமில்லாத ஊரிலிருந்து
ஏற்றமில்லாத ஊருக்குப் போக
விசா எதற்கு என்கிறான்.
முற்பணம் நாளைக்குக் கட்டவேண்டும்.

இரவு பத்து மணி.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மயூரதன் ஸ்பனரைத் தேடுகிறான்.
நான் எடுத்துக் கொடுக்கிறேன்.
சுபோதினிக்கு இப்போது பின்னேரம் ஐந்தரை,
முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பாள்.