அம்மாவின் பங்கு

பொகவந்தலாவையில் பஸ்ஸை விட்டிறங்கி
மேல்கணக்குக்கு ஆட்டோ கேட்டேன்.
"யாரப் பார்க்க?"
அம்மாவோட பங்கைப் பார்க்க என்றேன்.
காணித் தகராறு என்று நினைத்துவிட்டான் பையன்.
வழி முழுக்க வக்கீல்களின் பெயர்களாகச் சொல்லிவந்தான்.
கோயில் பங்கு தம்பி, சாமியார் இருக்கிற பங்கு
என்று விளக்கியபோது வண்டியே குலுங்கச் சிரித்தான்.
"அதுவும் சரிதான். வேற என்ன பங்கு இருக்கு நமக்கு?"
மீதிக் காசு தராமல் திரும்பிப் போனான்.

திருப்பூரில் எங்களுடையது சிலோன்காரி வீடு.
தபால்காரருக்கும் அப்படிச் சொன்னால்தான் புரியும்.
இங்கே பீலிக்கரையில் வாளியோடு நின்றவள்
என் பையைப் பார்த்ததும் மேட்டு லயத்துக்குக் கத்துகிறாள்:
"எமல்டாக்கா, ஒங்க வீட்டுக்கு இந்தியாக்காரி வந்திருக்கு!"

மாமா மகன் மிக்கேலுக்கு ஏழாம் காம்பரா.
என்னைக் கட்டிலில் போட்டுவிட்டு
நாலு பேரும் தரையில்.
வேண்டாமென்றால் எமல்டாவுக்குக் கோபம் வருகிறது.
தகரத்தில் இரவெல்லாம் மழை.
பக்கத்துக் காம்பரா இருமினால்
என் தலையணைக்குள் இருமுகிறது.

விடியுமுன் ரொட்டி தட்டும் சத்தம்.
கட்டச் சம்பலில் மூக்கு ஒழுக
சாயத்தண்ணியை ஊதுகிறேன்.
சீனி குவளையில் இல்லை, உள்ளங்கையில்.
ஒரு நக்கு, ஒரு மிடறு.
அம்மா அங்கே இன்றைக்கும் இப்படித்தான் குடிக்கிறாள்.
கஞ்சத்தனம் என்று
என் பிள்ளைகளிடம் கேலி பேசியிருக்கிறேன்.

கொழுந்தெடுக்க நானும் வருகிறேன் என்றேன்.
படங்கு கட்டிவிட்டார்கள்.
அட்டைக்குக் காலெல்லாம் சவர்க்காரம் தேய்த்தார்கள்.
பனியன் கம்பெனியில் பதினாறு வருஷம் செக்கிங்;
தையல் பிசகைத் தேடிய விரல்
ஒவ்வொரு தளிரையும் திருப்பித் திருப்பிப் பார்த்தது.
ஒரு செடியை நான் முடிப்பதற்குள்
எமல்டா இரண்டு கான் தாண்டியிருந்தாள்.
தராசில் நாலு கிலோ முந்நூறு.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று என்று
கழித்தார் கணக்கப்பிள்ளை.
மிச்சத்தை எழுத எனக்குச் செக்ரோலில் இடமில்லை.
எமல்டா கணக்கில் போடுங்க என்றேன்.
"போட்டும் பிரயோசனமில்ல. இன்னைக்கு எனக்கே
அரைப் பேர்தான்," என்றாள் அவள்,
"ஒன்னையப் பார்த்துச் சிரிச்சே பொழுது போச்சு."

ஞாயிறு பூசை முடிந்து
பங்குக் கோயிலின் இரும்பு அலமாரியைத் திறந்தார் சாமியார்.
கரையான் ஓரம் தின்ற பதிவேடு.
சலேத்து மேரி. தகப்பன் சவரிமுத்து.
மேல்கணக்கு, மேட்டு லயம்.
ஞானஸ்நானம் இருக்கிறது. உறுதிபூசுதல் இருக்கிறது.
விவாகக் கட்டம் மட்டும் வெள்ளையாக.
எழுபத்துநாலில் கப்பலேறியவளுக்கு
அதற்கப்புறம் என்ன ஆனது என்று
இந்தப் புத்தகத்துக்கு யாரும் சொல்லவில்லை.
சாமியார் பேனாவை உதறினார்.
"அப்பா பேர் என்ன?"
மரியதாஸ் என்றேன். ஊர், வருஷம், கோயில்
எல்லாம் ஒப்பித்தேன்,
அம்மாவுக்கு நானே மாப்பிள்ளை பார்த்து வந்தவள்போல.
எழுதி ஊதிக் காயவைத்தார்.
திருப்பூரில் ஒரு ஒற்று விடுபட்டிருந்தது.
செக்கிங் கண் அதில் போய் நின்றது.
இருக்கட்டும்.

சாயந்தரம் தோட்டத்து அந்தோணியார் கோயிலில்
ஜெபமாலைக்கு மணியடிக்க ஆளில்லை.
மிக்கேலின் மகள் கயிற்றை என் கையில் கொடுத்தாள்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், அதில் அம்மா.
ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை இத்தனை நாளும்.
அரிசி என்ன விலை, குளிருக்கு மப்ளர் போட்டியா,
பாஸ்போர்ட் பத்திரமா, அவ்வளவுதான்.
இழுத்தேன்.
கீறல் விழுந்த மணி. பனிக்குள் பாதி போய் நின்றது.
மறுமுனையில் சத்தமில்லை. லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.
பிறகு, சள்ளென்று, அம்மா:
"யாருடி அது அடிக்கிறது?
கயித்தப் பிடிச்சுக்கிட்டே நின்னா எப்படி அடிக்கும்?
இழுத்ததும் விடச் சொல்லு."

நான்தான் என்று சொல்லவில்லை.
விட்டேன்.