அரைப்புள்ளி

ஐப்பசி இடி இறங்கிய மூன்றாம் நாள்
சங்கரபதிக் காட்டோரம் முத்துராக்கு பறித்தது.
ஒரே புற்று. இரண்டு காளான்.
நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

மண் உதறி, நறுக்கி, காயவைத்து, பொடித்து
டப்பாவில் அடைத்து
ஈயச் சுவருக்குள் இறக்கினேன்.
ஒரு பகலும் ஓர் இரவும் எண்ணியது கருவி.

இருபத்துமூன்றில் சீசியம் இல்லை,
அல்லது இருந்தும் பிடிபடவில்லை.
இருபத்துநான்கில் உண்டு,
கிலோவுக்குப் பதினொரு பெக்கரல்.
பயப்பட ஒன்றுமில்லை.
ஆனாலும் தூக்கம் வரவில்லை.

நான் பிறக்குமுன் எங்கோ வெடித்து
மேகத்தில் தொற்றி அலைந்து
இந்தச் செம்மண்ணில் விழுந்தது
ஆள் பார்த்தா விழுந்தது?
கறையான் எந்தப் பட்டையை இழுத்துவந்து
இருட்டில் தோட்டம் போட்டதோ.
பொட்டாசியம் என்று நம்பிக் காளான்
சீசியத்தை உள்ளே விட்டிருக்கும்,
பந்தியில் இன்னார் மகன் என்றதும்
இலை போட்டுவிடுகிற மாதிரி.

வரைபடத்தில் நாற்பது புள்ளி.
எந்தக் கோட்டுக்கும் மசியவில்லை.

முத்துராக்கின் விலையில் மட்டும் குழப்பமில்லை:
"கெழக்குப் புத்து எரநூறு,
மேக்குப் புத்து நூத்தம்பது."
ஏன் என்றால்
"தின்னு பாருங்க ஆச்சி."
அவள் விலைக்கும் என் எண்ணுக்கும்
ஒட்டுமில்லை உறவுமில்லை.

படிவத்தில் ஒரே கட்டம்: சராசரி.
நான்கு புள்ளி ஆறு என்று நிரப்பினேன்,
நாற்பதில் ஒரு காளானும் சொல்லாத எண்ணை.

எங்கள் கோயில் பேரேட்டில்
புருஷனும் பெண்டாட்டியுமாய் ஒரு புள்ளி.
அவர் போன மறுவருஷம்
என்னை அரைப்புள்ளி என்று எழுதினார்கள்.
வரியும் பாதி.
ரசீதை நீட்டிய அடைக்கப்பன்
என் முகத்தைப் பார்க்கவில்லை.
நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
பேருந்து பிடித்தேன்.

சீசியம் பாதியாக முப்பது வருஷம்.
இன்னொரு முப்பதில் பாதியில் பாதி.
அப்புறம் அதிலும் பாதி.
இல்லை என்று எழுத
எந்த முப்பதும் விடாது.

ஆய்வுக்கூட வாசலில் கூடையோடு நிற்கிறாள்.
"திங்கலாமா?"
"திங்கலாம்."
"எல்லாமேயா?"
"எல்லாமேதான்."
"பெறகு எதுக்கு எண்ணுறீக?"

சில்லறை தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

ராத்திரி மிளகு தட்டிப்போட்டு வதக்கினேன்,
எந்தப் புற்று என்று கேட்காமல் வாங்கியதை.
இருபத்துமூன்றின் கூடப்பிறந்ததோ
இருபத்துநான்கின் பங்காளியோ.
ஒரு ஆளுக்கு அளந்து பழகாத கை,
உப்பு கூடிவிட்டது.