கரண்ட் இல்லாதபோது

நீடாமங்கலம் கிளை நூலகம், குழந்தைகள் பிரிவு.
நானூற்றுப் பன்னிரண்டு சுட்டிகள் சேமித்திருக்கிறேன்,
ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் போட்டு:
கத்தரிக்கோல் வேண்டும்,
கத்தரிக்கோல் கூடாது, ரியாஸ் வரும் நாள்,
அழுகிற பிள்ளைக்கு.

எங்கோ குளிர்தேசத்தின் பனிப் பொம்மைச் செய்முறை.
அதன் கீழே குறித்துவைத்தேன்:
பனிக்கு உமி. பைன் காய்க்குத் தென்னங்குரும்பை.
மூக்கு அவரவர் இஷ்டம்.

'கரண்ட் இல்லாதபோது' என்றும் ஒரு கோப்புறை.
முப்பத்தொரு யோசனை,
நட்சத்திரம் போட்டவை ஒன்பது.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை.
சனிக்கிழமை பதினொன்றே காலுக்கு
மின்விசிறி நின்றது, திரை அணைந்தது,
கைபேசியில் சிக்னலும் போயிற்று.
பதினான்கு பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள்.
அந்தக் கோப்புறை
கரண்ட் வந்தால்தான் திறக்கும்.

ஜன்னலுக்கு வெளியே
வரப்பு எது வாய்க்கால் எது தெரியவில்லை.
"மிஸ், எத்தன தவள கத்துதுன்னு எண்ணலாமா?"
என்றாள் செவ்வந்தி.
எண்ணினோம். சண்டை வந்தது.
ரியாஸ் நாற்பது என்றான்.
இல்லை, ஒன்றுதான் என்றாள் அவள்,
ஒரே தவளை, நிறையத் தடவை.

சாயங்காலம் கரண்ட் வந்ததும்
இதையும் சேமிக்கப் பார்த்தேன்.
முகவரி கேட்டது.
வெண்ணாறு, தென்கரை என்று அடித்தேன்.
ஏற்கவில்லை.
கட்டம் இன்னும்
திறந்தேதான் கிடக்கிறது.