பதின்மூன்று படிகள்

நிலவறைக்கு இறங்கும் படிகள் பதின்மூன்று.
வசனத்தில் பதினொரு சொல்.
மிச்சம் இரண்டுக்கும்
மத்தேயு ஆறு, முப்பத்துநாலு என்று
நீல டேப் ஒட்டினாள் பெனிட்டா,
ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு.
"ஞாயித்துக்கிழமைக்குள்ள எமீமாவுக்கு வந்துடணும்.
நீங்கதான் வீட்டுல இருக்கீங்க."

நான்தான் வீட்டில் இருக்கிறேன்.
பஸ் தொழிற்சாலை எங்களை அனுப்பி
இன்றோடு இருபத்திரண்டு நாள்.
வின்னிபெக்கில் ஜனவரி.
குப்பை போடப் போனால் மூக்குமயிர் உறைகிறது.

முதல் படி: ஆகையால்.
அதிலேயே நின்றுவிட்டாள்.
"ஆகையால்னா?"
"அதனால."
"எதனால?"
எனக்கும் தெரியவில்லை.
மேலே போய்ப் புத்தகத்தைத் திறந்தேன்.
பறவை இருந்தது, பூ இருந்தது,
உடுப்புக்கு என்ன செய்வது என்ற கேள்வி இருந்தது.
"பறவைங்களுக்குச் சாப்பாடு கிடைச்சிடுதாம். அதனால."
ஜன்னலைப் பார்த்தாள். வெளியே
வெள்ளையைத் தவிர எதுவும் பறக்கவில்லை.
சரி என்று அடுத்த படிக்கு இறங்கினாள்.

மூன்றாவது சொல் நீளம்.
டேப்பே இரண்டு வரியாய் மடங்கியிருந்தது.
ஐந்து வயது வாயில் அதன் வால் அறுந்து
"கவலைப்பா" என்று விழுந்தது,
என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.
திருத்தினேன். திரும்பவும் கவலைப்பா.
நான்காம் தரம் விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் படியில் அதினதின்.
அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
அதினதின் தினதின் என்று குதித்தாள்.
உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கும் ஆசேர்
(மூன்று வயது, படிக்கணக்கே கிடையாது)
அந்த இடத்தில் மட்டும் நின்று பலகையில் தட்டினான்.

பத்தாவது: பாடு.
அங்கே வந்ததும் பாடினாள்.
பனிமனிதனைப் பற்றி, பள்ளியில் சொல்லிக்கொடுத்தது.
"இது அந்தப் பாடு இல்லம்மா."
"வேற எந்தப் பாடு?"
சமையலறை மேசையில்
பிரிக்காத வங்கிக் கடிதம் இருந்தது.
"கஷ்டம்," என்றேன்.
"அப்ப கஷ்டம்னு எழுதியிருக்கலாம்ல?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
அவளுக்கு வேறொரு புகாரும் இருந்தது:
பாடச் சொல்லிவிட்டு
அடுத்த படியிலேயே ஏன் போதும் என்கிறார்கள்?

வெள்ளி இரவு
இரண்டு ஹீட்டர், ஒரு கெட்டில், ஓவன்;
எல்லாம் சேர்ந்து வீட்டை அணைத்தன.
கைபேசி எங்கோ சார்ஜில், எங்கே என்பது இருட்டில்.
ஃபியூஸ் பெட்டி கீழே.
"எமீமா, மேலேயே நில்லு. தம்பி கையைப் பிடிச்சுக்கோ.
நீ சொல்லு, நான் இறங்குறேன்."

ஆகையால்.
கால் படியைக் கண்டுபிடித்தது.
இரண்டு.
கவலைப்பா.
நானும் அதையே முணுமுணுத்து இறங்கினேன்.
நான்கு.
ஐந்தாவது சொல் அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.
எனக்கே அரைகுறை.
மேலே மௌனம். என் கால் அந்தரத்தில்.
"அப்பா, அது வரல."
"வரலன்னா ம்-னு சொல்லு."
"ம்."
படி இருந்தது.

ஆறு, ஏழு, எட்டு.
அதினதினுக்கு ஆசேர் முந்திக்கொண்டு
இரண்டு தரம் கத்தினான்.
ஒன்றுக்குத்தான் கால் வைத்தேன்.

பத்தாம் படியில் அவள் பாடினாள்.
பனிமனிதனுக்குக் கேரட் மூக்கு வைத்து,
தொப்பி போட்டு,
வெயில் வந்து அவன் போகும்வரை முழுசாக.
சுவரில் உள்ளங்கை ஊன்றி நின்றேன்.
மணி என்ன, தெரியாது.
நாளை என்ன கிழமை என்பதும்
ஒரு நிமிஷம் நினைவில் இல்லை.

"போதும்," என்றாள் அவளாகவே.
மத்தேயு ஆறு. முப்பத்துநாலு. தரை.
பெட்டியைத் தடவி விசையைத் தள்ளினேன்.
மேலே ஃப்ரிட்ஜ் செருமியது.

ஞாயிறு மதியம்
வாடகைக்கு எடுத்த லூத்தரன் கூடத்தில்
மைக் அவள் நெற்றி உயரத்தில் இருந்தது.
நாலு சொல் சொன்னாள், சத்தமாக.
ஐந்தாவதுக்கு
"ம்" என்றாள், துளிகூடத் தயங்காமல்,
மேலே போனாள்.

பென்சில் பெட்டி வேறொரு பையனுக்குக் கிடைத்தது.
பெனிட்டா மெல்ல என் பக்கம் திரும்பினாள்.
நான் நாற்காலிக்குக் கீழே
பூட்ஸ் நுனியால் தரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.