சோளமாவுப் பனி

வருகைப்பதிவு உண்டு என்று சொன்னதால்தான்
செம்பூர்க் கல்லூரி அரங்கம் நிறைந்தது,
மூன்றாம் ஆண்டு பி.காம், இரண்டு பிரிவும்.
பேனரில் ‘படைப்புத் துறையில் உங்கள் எதிர்காலம்’.
அதற்குப் பின்னால்
போன வாரத்து ரத்ததான முகாம்
ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

ஷெர்னாஸ் மிஸ்திரி மேடையேறியதும்
செருப்பைக் கழற்றினார்.
பையிலிருந்து ஏழு ஜோடி எடுத்து வரிசையாக வைத்தார்.
திரையில் நடப்பது அவர்கள்,
கேட்பது என் கால் என்றார்.
மாடியேறும் கதாநாயகியின் குதிகால்,
கடன் வசூலிக்க வருகிறவனின் பூட்ஸ்.
தன் புறங்கையில் தானே முத்தம் வைத்துக் காட்ட
கடைசி வரிசை விசிலடித்தது.

அப்புறம் ஒரு தோல்பையில்
சோளமாவைக் கொட்டி மூடி
இரண்டு கையாலும் அழுத்தினார், விட்டு விட்டு.
நான் பனியைப் பார்த்ததில்லை.
ஆனாலும் யாரோ அதன்மேல் நடந்து
என் இருக்கைவரை வந்து நின்றார்கள்.

ஆர்வம் இருந்தால் போதும், இல்லையா மேடம்
என்று துறைத்தலைவர் முடித்து வைக்கப் பார்த்தார்.
நான் கையைத் தூக்கிவிட்டேன்.
‘ஆரம்பத்தில் வாடகை யார் கட்டினார்கள்?’

சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.
கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே சொன்னார்:
‘ஆறு வருஷம் அத்தை வீட்டில் இருந்தேன்.
தாதரில், பழைய பகடி வீடு.
மாத வாடகை பதினொரு ரூபாய்.
அது இல்லாவிட்டால்
நானும் ஏதாவது வங்கியில்தான் இருந்திருப்பேன்.’
அதற்குள் சால்வை வந்துவிட்டது.

ஹார்பர் லைனில்
திலக் நகர் தாண்டியும் அதே கணக்கு.
எங்கள் வாடகையும் பதினொன்றுதான்,
பின்னால் மூன்று சைபர்.
அந்த அத்தையை
ஐந்தொகையில் எந்தப் பக்கம் எழுதுவது?
மூலதனமா,
திருப்பிக் கேட்காத கடனா?
சுன்னாபட்டியில் ஒரு மீன்காரம்மா
காலிக் கூடையை இழுத்துக்கொண்டு ஏறினார்.
அந்தச் சத்தத்துக்கு
எதை எதன்மேல் தேய்க்க வேண்டும் என்று யோசித்தேன்.
யோசித்துக்கொண்டே ஜி.டி.பி. நகரைத் தவறவிட்டு
வடாலாவில் இறங்கித் திரும்பி வந்தேன்.

வீட்டில் சோளமாவு கிடையாது.
எல்லோரும் படுத்த பிறகு
கோதுமை மாவை அழுத்தினேன். பொத்தென்றது.
இடியாப்ப மாவு பரவாயில்லை,
தம்பியின் பழைய ரெக்சின் பையில் போட்டதும்
லேசாக நறநறத்தது.
‘எலியா பாரு’ என்றாள் அம்மா, தூக்கத்தில்.

காலையில் எட்டு மணிக்கு
அடக்கவிலைக் கணக்கியல் பரீட்சை.
எலி இல்லை இது, ஆள்.
முழங்கையை ஊன்றி எடையைக் கூட்டினேன்.
ஒரு கால். கொஞ்சம் தயக்கம்.
மறு கால்.

அப்பா எழுந்து போய்
வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு
வந்து படுத்தார்.