பதினொரு மீட்டர்

பியேட்டர் பொத்தின் உயரம்
எண்ணூற்று இருபது மீட்டர்.
இமயம் பார்த்தவர்கள் சிரிக்கலாம்.
மொரீஷியஸில் எங்களுக்கு வாய்த்தது இவ்வளவுதான்.

விழுவதற்கு அது போதும்.

க்ரெவ் கேர் என்ற ஊரில் காரை நிறுத்தினோம்.
நெஞ்சுடைப்பு என்று அர்த்தம்.
முட்டைக்கோஸ் தோட்டத்து நாய் ஒன்று
காட்டின் விளிம்பு வரை கூடவே வந்து
ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்துத் திரும்பிவிட்டது.

மூன்று பேர்.
கயிற்றுக்கு ழெரோம்.
கேமராவுக்கு ரிஷி வலைதோன்
(வேலாயுதன்தான், எந்தக் காலத்திலோ ஒரு பிரெஞ்சுக்
குமாஸ்தாவின் காதில் அப்படி விழுந்திருக்கிறது).
ஆறு டோல் பூரி சுமந்துகொண்டு நான்.

கொய்யா வேர்களைப் பிடித்து ஏறினோம்.
ஆகஸ்ட் மாத ஈரம் சட்டைக்குள் இறங்கியது.
காவடிக்கு வெறுங்காலில் மலைக்கோயில் ஏறியவள்தான் நான்,
ஆனால் அங்கே படிக்கட்டு உண்டு,
கைப்பிடிக்கு வெள்ளைச் சாயம் உண்டு,
மேலே போனால் மோர் உண்டு.
இங்கே பாறை
என்னை யாரென்றே கேட்கவில்லை.

ஒன்பதரைக்கு மலையின் தோளில் நின்றோம்.
ஆம், இதற்குத் தோள் உண்டு, கழுத்து உண்டு,
கழுத்தின் மேல் அதைவிட அகலமாக
ஒரு மொட்டைத் தலையும் உண்டு.

அது ஒரு பால்காரனாம்.
விடியலுக்கு முன் மலைமேல்
தேவதைகள் ஆடுவதைப் பார்த்தானாம்.
சொல்லாதே என்றார்களாம்.
சொன்னானாம்.
கல்லானானாம்.
பாலுக்கு என்ன ஆயிற்று என்று
கதை சொன்ன யாரும் சொல்லவில்லை.

தலைக்குப் போக இரும்புப் படிகள்,
பாறையில் அறைந்தவை.
முதலாவதைச் சுத்தியலால் தட்டினான் ழெரோம்: டங்.
இரண்டாவது: டங்.
மூன்றாவது
டொக் என்றது.

இன்னொரு முறை தட்டினான்.
மெதுவாக இறங்கி வந்து உள்ளங்கையை விரித்தான்.
கை முழுக்கத் துரு, மஞ்சள் அரைத்த கைபோல.
"எனக்கு ரெண்டு பிள்ளைங்க" என்றான்.
பன்னிரண்டு வருடப் பழக்கம்.
ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

பதினொரு மீட்டர் மீதி.
போர் லூயியில் என் அலுவலகத்துக்கு ஏற
மின்தூக்கிக்குக் காத்திருந்து
அலுத்துக்கொள்ளும் உயரம்.

ரிஷி கத்தினான். கெஞ்சினான். பிறகு
ஒன்றும் பேசாமல் பூரியைப் பிய்த்தான்.
நான் எதுவும் சொல்லவில்லை, ஆனால்
என் வலது கை
என்னைக் கேட்காமலே
முதல் படியைப் பிடித்துக்கொண்டிருந்ததை
ழெரோம்தான் கவனித்தான்.
ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தான்.

அதற்குள் தெற்கிலிருந்து மேகம் வந்து
துறைமுகத்தை மூடியது, குதிரைப் பந்தயத் திடலை மூடியது,
கரும்பை மூடியது, எங்கள் கால்களை மூடியது.
நீள வால் வைத்த வெள்ளைப் பறவை ஒன்று
கயிறில்லாமல் வந்து
பால்காரனின் மொட்டையைச் சுற்றிப் போனது.

இறங்கினோம்.
பயப்பட வேண்டிய இடமெல்லாம் தாண்டியபின்,
கார் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்,
ஒரு கொய்யா வேரில் கால் மாட்டி
ரிஷி விழுந்தான்.
நாய் குரைத்தது.

புதன்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு
மருத்துவமனைக்குப் போனேன்.
தொடை வரை மாவுக்கட்டு.
கட்டிலைச் சுற்றி இரண்டு நர்ஸுகள்,
பக்கத்துப் படுக்கைக்காரர், அவர் மாமியார்.
உச்சியில் நின்றதைச் சொல்லிக்கொண்டிருந்தான் ரிஷி:
இடப்பக்கம் ஒரு கடல், வலப்பக்கம் ஒரு கடல்,
நடுவில் பாறை காலடியில் மூச்சு விடுவதுபோல்...

என்னைப் பார்த்ததும் நிறுத்தினான்.

மாவுக்கட்டை விரல் மடக்கித் தட்டினேன்.
டொக்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
ஆரஞ்சு உரித்தேன்.
அந்தப் பதினொரு மீட்டருக்கு மேலே
என்னதான் இருந்திருக்கும் என்று
மூன்று இரவாக எனக்குத் தூக்கமில்லை.

"அப்புறம்?" என்றேன்.