கிடைகொள்ளாமல்

ஆடு மேய்க்கத் தோற்ற நாயை
ஆடில்லாத வீட்டுக்குக் கூட்டிவந்தான் ஈவோர்.
"கண் கொஞ்சம் அதிகம்" என்றாராம் விற்ற பண்ணைக்காரர்.
ஆட்டின்மேல் கண்ணை நாட்டினால் நாட்டியதுதானாம்.
ஆடும் நகராது, நாயும் நகராது,
பொழுது மட்டும் நகரும்.

பெயர் மோட். வயது இரண்டு.
ஒரு காது நிமிர்ந்து, ஒன்று மடங்கி.
எங்கள் வீட்டுக்கு முன்னால் பாங்கர் சாலை,
பின்னால் நூறு வருடத்துச் சிலேட்டுக் கழிவு மலை.
நடுவே நான்கு அறைகள்,
நான் வேண்டாம் என்று சொன்ன நாய்.

முதல் வாரம் துணி துவைக்கும் இயந்திரத்தை மேய்த்தது.
வயிறு தரைதொடப் படுத்து,
சுழலும் சட்டைகளில் ஒன்று தப்பினாலும்
பிடித்துவிடுகிற மாதிரி.
அடுத்தது தபால் வண்டி.
அடுத்தது மழை:
சன்னலில் இறங்கும் துளிகளை ஒன்றுசேர்க்கப் பார்த்தது.
அவை தாமாகவே ஒன்றுசேர்ந்தன.
முடித்துவிட்டேன் என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தது.

ஓடவிடு, களைத்துவிடும் என்றார்கள்.
ஓடவிட்டேன்.
இன்னும் நன்றாக ஓடக் கற்றுக்கொண்டது.
காலை ஐந்தரைக்கு ஒரு நடை, அந்தியில் ஒரு நடை,
இரண்டிலும் மழை.
"காலுக்கு அல்ல, தலைக்கு வேலை கொடு"
என்றார் மருத்துவர் கெரித்.
எலரியின் கையுறைகளை ஒளித்துவைத்தோம்.
கண்டெடுத்துக் கொடுத்தது.
ஒளிக்காத பக்கத்து வீட்டுக் கையுறைகளையும்.

எலரிக்கு ஆறு வயது நிறைந்த அன்று
கட்டி மேய்க்க முடியாத ஏழு பிள்ளைகளைக்
கட்டாமலே மேய்த்து
குளிர்பெட்டி ஓரம் நிறுத்தியிருந்தது.
கையில் கேக்கோடு அசையாமல் நின்றார்கள்.
ஒரு தாய்க்குக் கோபம்.
இன்னொருத்தி கேட்டாள்,
புதன்கிழமைகளில் வாடகைக்குக் கிடைக்குமா?

செப்டம்பரில் சிலேட்டுச் சில் ஒன்று பாதத்தைக் கிழித்தது.
உப்புநீரில் கழுவி, ஈவோரின் காலுறையை மாட்டி,
பத்து நாள் மடியில் வைத்திருந்தேன்.
உடம்பு கிடந்தது,
உள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது.
தொடையில் அந்த அதிர்வு தெரியும்.
வேண்டாம் என்று நான் சொன்னதை
அந்தப் பத்து நாளில் எங்கேயோ வைத்துவிட்டேன்.
கையுறை போல அதைத் தேடவும் ஆளில்லை.

நவம்பரில் ஈவோர்
என்னைக் கேட்காமல் கையெழுத்திட்டு வந்தான்:
வடகடலில் காற்றாலை வேலை, ஆறு மாதம்.
சொன்னது சாப்பாட்டு மேசையில்,
பட்டாணியைப் பார்த்தபடி.

அன்றிரவு அவன் மேலே. நான் கீழே, சோபாவில்.
எலரி அவள் அறையில்.
கிடையில் ஒன்று குறைந்தால்
எந்த நாய் கிடைகொள்ளும்?
பதின்மூன்று படிகள். நகச் சத்தத்தில் எண்ணினேன்.
ஏறும். எலரியின் கதவில் மூச்சுவிடும்.
அவன் இருக்கிறான். இறங்கும்.
என் உள்ளங்கையில் ஈர மூக்கு:
எழு.
மறுபடி ஏறும்.

இரண்டு மணிக்கு மேலிருந்து குரல்:
"அதைக் கொஞ்சம் அதட்டேன்."
"நீ அதட்டு."
பட்டாணிக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு.

மூன்று மணிக்குப் போர்வையோடு எழுந்தேன்,
நாய்க்காக மட்டும்.
ஐந்தாம் படியில் நான் நிமிர்ந்தபோது
ஒன்பதாம் படியில் அவன் உட்கார்ந்திருந்தான்,
அவனும் நாய்க்காக மட்டும்.
மோட் எங்களை ஒருமுறை எண்ணிவிட்டுக்
கீழே இறங்கிப் போய்
வயிறு தரைதொடப் படுத்துக்
கண்ணை நாட்டியது.

சமாதானம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
அவன் இறங்கவில்லை, நான் ஏறவில்லை,
பொழுது மட்டும் நகர்ந்தது.
போர்வையின் ஒரு நுனி எப்போதோ
அவன் பாதத்தின்மேல் கிடந்தது.

ஐந்தரைக்குக் கதவைப் பிறாண்டும் சத்தம்.
வெளியே மழை.
யார் முறை என்றான்.
உன்னுடையது என்றேன்.